மருத்துவ உளவியலில் மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி: இந்தியாவில் விண்ணப்பிப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மருத்துவ உளவியலாளராக வேண்டும் என்று எண்ணி வழி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்தக் கல்லூரி நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு உரிய இடம் உண்டு. ஆனால் அது ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் பதிவு, தகுதி, அங்கீகாரம் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சரிபார்க்காதவர்கள், நல்ல மதிப்பெண்ணும் நல்ல மனமும் இருந்தும் இரண்டு மூன்று ஆண்டுகளை இழந்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகையால் கீழே உள்ள படிகளைக் கொடுத்திருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

உளவியலில் இளங்கலை முடித்தவர்களையும், எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணத் திங்கட்கிழமை காலையில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், எதிரில் யார் இருப்பார்கள் என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள். மனநல மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில், மனச்சிதைவு உள்ள ஒருவரையும் அவருடைய அம்மாவையும் எதிரில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பதாக எழுதினால் உங்களுக்குத் தேவை மருத்துவ உளவியல். பள்ளிப் பிள்ளைகளுக்கோ குடும்பங்களுக்கோ ஆலோசனை சொல்வதாக எழுதினால் உளவழித்துணைப் (கவுன்சலிங்) படிப்பே போதுமானதாக இருக்கலாம். நிறுவனங்களின் மனிதவளத் துறை என்றால் அதற்குப் பாதை வேறு. மருந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பைப் படிப்பதுதான் வழி, உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை.

முதலில் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவ உளவியல் பயிற்சி என்பது முழுநேர மருத்துவமனைப் பயிற்சி. தற்கொலைக்கு முயன்றவர்கள், குடிநோயாளிகள், மூளைக் காயம் பட்டவர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் ஆகியோருடன் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வேலை செய்ய வேண்டும். ஆலோசனை அறையில் அமைதியாகப் பேசும் வேலையை மட்டும் கற்பனை செய்துகொண்டு வந்தவர்கள் முதல் மூன்று மாதங்களிலேயே தடுமாறுகிறார்கள். அவர்களுக்குத் திறமை போதாமல் இல்லை. தேர்ந்தெடுத்த வேலைதான் அவர்கள் நினைத்ததற்கு வேறாக இருந்தது.

2. பதிவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்பது பட்டத்தால் மட்டும் வரும் பெயர் அன்று, பதிவால் வருவது. ஆர்.சி.ஐ. என்று எல்லோரும் அழைக்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமம், 1992ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அக்குழுமம் ஏற்றுக்கொண்ட தகுதியைப் பெற்று, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்த்தவர்களே மறுவாழ்வுத் தொழிலராகப் பணியாற்றலாம் என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மருத்துவ உளவியலாளர் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை ஒட்டியே வரையறுக்கிறது: உளவியலில் முதுகலை, அதன்மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி கொண்ட இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., அல்லது ஆர்.சி.ஐ. ஏற்ற வேறு தகுதி.

நடைமுறையில் இதன் பொருள் எளியது. அரசு மருத்துவமனைப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அடிப்படையாகும் நுண்ணறிவுச் சோதனை அறிக்கையில் கையொப்பமிடும்போதும், உங்கள் பதிவு எண்ணைக் கேட்பார்கள். எண் இல்லாத கையொப்பத்தோடு போகும் குழந்தையின் அறிக்கை திரும்பி வரும். பெற்றோர் மறுபடியும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும்.

பதிவுக்கு இட்டுச்செல்லும் படிப்புகளில் நெடுங்காலமாக முதன்மையானது எம்.ஃபில். மருத்துவ உளவியல். சை.டி. (Psy.D.) என்னும் தொழில்முறை முனைவர் படிப்பும் உண்டு. ஓராண்டுத் தொழில்முறைப் பட்டயப் படிப்பும் இருந்து வந்திருக்கிறது. ஆனால் அது எம்.ஃபில்.லுக்குச் சமமானதன்று, அது தரும் பதிவுப் பிரிவும் வேறு. உளவியலில் பெறும் பொதுவான பிஎச்.டி. பட்டம் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உரியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. "டாக்டர் பட்டமே இருக்கிறதே" என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி எம்.ஃபில். பட்டம் பொதுவாக நிறுத்தப்பட்டது. ஆனால் மருத்துவ உளவியல், மனநலச் சமூகப்பணி ஆகிய இரண்டு எம்.ஃபில். படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவர்களைச் சேர்க்கலாம் என்று 2024 ஜனவரியில் நீட்டிப்பு கொடுத்தது. ஆகவே நீங்கள் சேரப்போகும் ஆண்டில் எந்தப் பெயருள்ள படிப்பு எந்தப் பதிவுப் பிரிவைத் தருகிறது என்பதை, அந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ. சுற்றறிக்கையிலேயே படித்துப் பாருங்கள். கீழே எம்.ஃபில். என்று நான் எழுதும் இடங்களையும் அந்தச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டே படியுங்கள். மூத்த மாணவர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டுக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் ஆண்டுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

3. கையில் இருக்கும் தகுதியை அளந்து பாருங்கள்

எம்.ஃபில். படிப்பில் சேர, உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. பட்டமும் மொத்தத்தில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. "மொத்தம்" என்பதைக் கவனியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் தரப்புள்ளி மட்டுமே கொடுக்கின்றன. அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகமே எழுதித் தர வேண்டும். நீங்களே பத்தால் பெருக்கி எழுதினால் விண்ணப்பம் தள்ளப்படலாம்.

தொலைநிலைக் கல்வியில் முதுகலை படித்தவர்கள் இந்தப் படியில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். சில நிறுவனங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்தையே கேட்கின்றன. சில அப்படிக் கேட்பதில்லை. எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பிலும் தகுதிப் பத்தியைச் சொல் விடாமல் படியுங்கள். இனி முதுகலையில் சேரப் போகிறவர்களுக்கு விஷயம் இன்னும் தெளிவு: உளவியல் உள்ளிட்ட சில பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யு.ஜி.சி. தடுத்துவிட்டது. நேரடி வகுப்பில் சேருங்கள்.

தகுதி சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் சான்றிதழ்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். விண்ணப்பம் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் சில சான்றிதழ்கள் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். தமிழ்நாட்டு மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக்கு உரியது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற ஒன்றிய அரசின் மனநல நிறுவனங்கள், ஒன்றிய அரசு வகுத்த படிவத்தில், வளமான பிரிவை (கிரீமி லேயர்) சேராதவர் என்ற உறுதியுடன் கூடிய ஓ.பி.சி. சான்றிதழையே ஏற்கும், அது குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இதைத் தெரிந்துகொண்டு கண்ணீரோடு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். மூன்று மாதம் முன்னதாகவே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

இறுதியாண்டு படிப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவு வரும் நாளையும், எம்.ஃபில். நிறுவனம் மதிப்பெண் பட்டியலைக் கேட்கும் கடைசி நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு இரண்டு வாரம் தள்ளிப் போனதால் கையில் கிடைத்த இடத்தை இழந்தவர்கள் உண்டு. துறைத் தலைவரிடம் நிலைமையை முன்கூட்டியே சொல்லி வைத்தால், தற்காலிகச் சான்றிதழுக்கு அவர் ஏற்பாடு செய்ய முடியும்.

4. அங்கீகாரத்தை நீங்களே சரிபாருங்கள்

இந்தப் படியில் நேரும் தவறுதான் மிகவும் வலிப்பது. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் ஒரு நிறுவனத்துக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பதன்று. குறிப்பிட்ட நிறுவனத்தில், குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அது தரப்படுகிறது. எனவே நீங்கள் நான்கையும் பார்க்க வேண்டும்.

ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் தேடுங்கள். ஒரே அறக்கட்டளைக்கு இரண்டு ஊர்களில் கல்லூரி இருந்தால் ஓர் ஊரில் மட்டும் அங்கீகாரம் இருக்கக்கூடும். பிறகு படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அடுத்து இடங்களின் எண்ணிக்கை: பட்டியலில் எட்டு என்றிருக்கும்போது கல்லூரி பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் மீதி நால்வரின் பதிவு என்னவாகும் என்று கேளுங்கள். கடைசியாகக் காலம்: நீங்கள் சேரும் கல்வியாண்டை அங்கீகாரம் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். "புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதிலை அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கீகாரக் கடிதத்தின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். நேர்மையான துறை அதைத் தரத் தயங்காது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மதிப்பெண்களோடு, "கிளினிக்கல்" என்ற சொல் பட்டத்தின் பெயரிலேயே இருக்கும் எம்.எஸ்ஸி. படிப்பை முடித்துவிட்டு வந்தார். பதிவு எண் வாங்குவது எப்படி என்று கேட்டார். அவர் கையில் வைத்திருந்த கல்லூரிக் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், "ஆர்.சி.ஐ. நெறிமுறைகளைத் தழுவிய பாடத்திட்டம்" என்று அச்சிட்டிருந்தது. தழுவிய பாடத்திட்டம் என்றால் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்று பொருளில்லை. அந்த ஒரு சொல்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் யாராவது அவருக்கு விளக்கியிருந்தால், அவர் தந்தை நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். அவர் பிறகு எம்.ஃபில். சேர்ந்து இன்று நன்றாகப் பணிசெய்கிறார். ஆனாலும் அந்தக் கையேட்டை என்னால் மறக்க முடியவில்லை. "தழுவிய", "இணையான", "அடிப்படையிலான" என்ற சொற்களைக் கண்டால் நின்று கேளுங்கள்.

5. நோயாளிகளையும் மேற்பார்வையையும் விசாரியுங்கள்

அங்கீகாரம் சரி என்று உறுதியான நிறுவனங்கள் மட்டும் இப்போது உங்கள் பட்டியலில் இருக்கும். அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அனுபவத்தில் இரண்டே அளவுகோல்கள்: எத்தகைய நோயாளிகளைப் பார்க்கக் கிடைக்கும், நீங்கள் பார்த்ததை யார் உட்கார்ந்து திருத்துவார்கள். கட்டடம், நூலகம், பல்கலைக்கழகத் தரவரிசை ஆகியவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

எம்.ஃபில். பாடத்திட்டம் எல்லா இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. முதலாண்டில் உளநோயியல், புள்ளியியலும் ஆய்வு முறையும், மனநல மருத்துவம் ஆகிய தாள்களோடு உளவியல் சோதனைகளுக்கான செய்முறைத் தேர்வு. இரண்டாமாண்டில் நடத்தையின் உயிரியல் அடிப்படை, உளச்சிகிச்சை, நடத்தை மருத்துவம் ஆகிய தாள்களோடு சிகிச்சைக்கான செய்முறைத் தேர்வும் ஆய்வேடும். எனவே பாடத்திட்டத்தை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. மாணவர் ஒவ்வொருவரும் குறைந்தது எத்தனை நோயர் வரலாறு எடுக்க வேண்டும், எத்தனை சோதனை அறிக்கை எழுத வேண்டும், எத்தனை மணிநேரம் சிகிச்சை அளிக்க வேண்டும் என்ற அட்டவணையும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, இப்போது அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவரிடம் போய், "இதில் எதை நிறைவு செய்ய உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் அந்தத் துறையின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

பெரிய மனநல மருத்துவமனைகளில் கடுமையான மனநோய்கள் ஏராளமாகப் பார்க்கக் கிடைக்கும். நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் வலிப்பு, பக்கவாதம், தலைக்காயம் ஆகியவற்றுக்குப் பிறகான நரம்பு உளவியல் சோதனைகளைக் கற்க வாய்ப்பு மிகுதி. பொது மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த துறைகளில் மனச்சோர்வு, பதற்றம், நீரிழிவோடும் இதயநோயோடும் வரும் உளச்சிக்கல், குழந்தைகளின் கற்றல் குறைபாடு ஆகியவை நிறைய வரும். மறுவாழ்வு மையங்களில் நடக்கும் படிப்புகளில் வளர்ச்சிக் குறைபாடுகள் மிகுந்து, பெரியவர்களின் மனநோய்கள் குறைவாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால், மாணவர்களை வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களா, எத்தனை மாதம், அங்கே மேற்பார்வை யார் என்று கேளுங்கள். உள்நோயாளர் படுக்கைகள் இல்லாத இடத்தில் கற்றவருக்கு, ஒரு நோயாளி சேர்ந்த நாளிலிருந்து வீடு திரும்பும் நாள் வரை தொடர்ந்து பார்க்கும் அனுபவம் கிடைப்பதில்லை. பின்னாளில் அந்தக் குறையை ஈடுசெய்வது கடினம்.

மேற்பார்வை என்பதற்கு என்ன பொருள் என்று புதியவர்களுக்குச் சொல்லித் தெரிய வைப்பது எளிதன்று. ஒரு காட்சியைச் சொல்கிறேன். மாலை நான்கு மணி. பயிற்சி மாணவர் ஒருவர் தான் எழுதிய நோயர் வரலாற்றைக் கொண்டுவந்து மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறார். முதல் வரியில், நோயாளியின் முறையீடு என்ற இடத்தில், "மனச்சோர்வு, ஆறு மாதங்களாக" என்று எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் பேனாவை அந்த வரியில் வைத்து, "அந்த அம்மா இந்தச் சொல்லையா சொன்னாங்க?" என்று கேட்கிறார். மாணவர் யோசித்து, "இல்ல மேடம், 'நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு, அடுப்படிக்கே போகப் பிடிக்கல'ன்னு சொன்னாங்க" என்கிறார். "அதையே எழுதுங்க. மனச்சோர்வுன்னு முடிவு பண்றது கடைசிப் பக்கத்துல. முதல் வரி அவங்களோடது." இதற்கு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அந்த மாணவர் அதன்பின் எழுதிய எந்த வரலாற்றிலும் நோயாளியின் சொல்லைத் தன் சொல்லால் மூடவில்லை. இப்படித் தினமும் பக்கம் பக்கமாகப் படித்துத் திருத்தும் ஒருவர் இருக்கும் துறைதான் நீங்கள் தேட வேண்டியது.

அது இருக்கிறதா என்பதைக் கண்டறிய நான்கு கேள்விகள் போதும். துறையில் முழுநேரமாக இருக்கும், பதிவு பெற்ற மருத்துவ உளவியல் ஆசிரியர்கள் எத்தனை பேர்? வாரத்தில் எத்தனை முறை தனி மேற்பார்வை நடக்கிறது? சோதனை அறிக்கையில் கையொப்பமிடும் முன் யார் மதிப்பெண்களைச் சரிபார்க்கிறார்கள்? கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்கள் எத்தனை பேர் விலகினார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் ஆசிரியர்கள் அடிக்கடி மாறும் துறையில் உங்கள் ஆய்வேடு கைமாறிக் கைமாறித் தேங்கி நிற்கும்.

முடிந்தால் ஒருநாள் நேரில் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் அனுமதி பெற்று இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருங்கள். பயிற்சி மாணவர்கள் நோயாளிகளோடு இருக்கிறார்களா, கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலையிலும் சீட்டு எழுதும் வேலையிலும் இருக்கிறார்களா என்று பாருங்கள். சோதனைகள் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். நடைவழியில் மேசை போட்டு நுண்ணறிவுச் சோதனை நடத்தும் இடத்தில் கற்பவருக்கு அதுவே சரியான முறை என்று பதிந்துவிடும்.

6. எந்த மொழியில் நோயாளியிடம் பேசப் போகிறீர்கள்?

விண்ணப்பிக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் யோசிக்கிறார்கள். உளவியலாளரின் கருவியே பேச்சுதான். ராஞ்சியிலோ டெல்லியிலோ சேரும் தமிழ் மாணவர் இந்தியில் வரலாறு எடுக்க வேண்டும். அசாமின் தேஸ்பூரில் அசாமியாவும் தேவைப்படும். கோழிக்கோட்டில் மலையாளம், மணிப்பாலில் கன்னடம். பெங்களூருக்குத் தமிழ் பேசும் நோயாளிகளும் கணிசமாக வருகிறார்கள் என்றாலும் கன்னடம் இல்லாமல் அங்கே முழுமையாக வேலை செய்ய முடியாது.

வேற்று மொழியில் கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பேச்சுமொழியைப் பிடித்துக்கொண்டு சிறப்பாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு சிகிச்சை நடத்தும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பயிற்சியில் குறைவதுதான். "மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் பயமா துக்கமா சந்தேகமா என்று பிரித்துக் கேட்கும் காது, மொழியோடு வளர்வது. தமிழ்நாட்டிலேயே பணிசெய்வது என்று முதல் படியில் எழுதியிருந்தால், தமிழில் நோயாளிகளைப் பார்க்கக் கிடைக்கும் துறைக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். வெளிமாநிலம் என்று முடிவானால், சேருவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று மாதங்களை அந்த மொழியைப் பேசப் பழகுவதற்கே செலவிடுங்கள்.

7. செலவைக் கணக்கிடுங்கள்

அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு. சிலவற்றில் மாத உதவித்தொகையும் உண்டு. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் போகும். இது முழுநேரப் பயிற்சி என்பதால் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வருகைப்பதிவு கண்டிப்பானது, விடுப்பு நாட்கள் குறைவு.

கட்டணத்தோடு விடுதி, உணவு, ஆய்வேட்டுச் செலவு, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுக்கான மொத்தத்தை எழுதுங்கள். இடையில் விலகினால் என்ன தொகை கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா, படிப்பு முடிந்ததும் அங்கேயே பணிசெய்ய ஒப்பந்தம் உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடன் வாங்குவதானால், தொடக்கச் சம்பளத்தை அந்த ஊரில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இருவரிடமாவது கேட்டு அறிந்த பிறகே தொகையை முடிவு செய்யுங்கள். கல்லூரிக் கையேட்டில் போட்டிருக்கும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

8. வெளிநாடு பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுவாக அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்பும், அதற்குள் மேற்பார்வையுடன் கூடிய ஓராண்டுப் பயிற்சியும், அதன்பின் மாநில உரிமமும் தேவை. அங்கே முதுகலையோடு நின்றால் பொதுவாக மருத்துவ உளவியலாளராக முடியாது. பிரிட்டனில் மூன்றாண்டு முனைவர் பயிற்சி முடித்து எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், "எம்.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று ஓராண்டில் கிடைக்கும் பட்டம் அந்தப் பதிவைத் தராது. இந்த ஓராண்டுப் படிப்புக்குப் பெருங்கடன் வாங்கிப் போய்த் திரும்பியவர்கள் இரு நாடுகளிலும் பதிவின்றி நிற்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு இந்தியாவில் பணிசெய்ய ஆர்.சி.ஐ. அதைத் தனியே மதிப்பிட்டு ஏற்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

9. விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்காணல்

ஒரு துறையில் எத்தனை இடங்கள் என்பது அங்குள்ள ஆசிரியர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரும்பாலும் அது ஒரு வகுப்பறையின் இரண்டு வரிசையைக்கூட நிரப்பாது. எனவே ஓரிடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஐந்து முதல் எட்டு நிறுவனங்கள் என்று வைத்துக்கொண்டு, அவற்றின் அறிவிப்பு நாள், கடைசி நாள், தேர்வு நாள், தேர்வு நடக்கும் ஊர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அறிவிப்புகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில் வெளிவரும். இரண்டு தேர்வுகள் அடுத்தடுத்த நாட்களில் வெவ்வேறு மாநிலங்களில் அமைவதும் உண்டு.

எழுத்துத் தேர்வில் உளநோயியல், பொது உளவியல், உயிரியல் உளவியல், சோதனைகள், புள்ளியியல் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். நம் மாணவர்கள் பெரும்பாலும் புள்ளியியலை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். அதைப் படித்தவர்கள் குறைவு என்பதாலேயே, மற்றவர்களை முந்திச் செல்லும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது; நாள்தோறும் அரைமணி நேரம் என்று மூன்று மாதம் ஒதுக்கினால் போதும்.

நேர்காணலில் பலர் தடுமாறுவது, "ஏன் இந்தப் படிப்பு?" என்ற எளிய கேள்வியில்தான். "மக்களுக்கு உதவ வேண்டும்" என்ற பதிலை அன்று காலையிலிருந்து அந்தக் குழுவினர் நாற்பது முறை கேட்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். மருத்துவமனையில் ஒரு மாதம் உடனிருந்து பார்த்தபோது எது உங்களைக் குழப்பியது, எது தெரியவில்லை என்று உணர்ந்தீர்கள் என்பதைச் சொல்லலாம். முதுகலை ஆய்வேட்டைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். மாதிரியின் அளவு, பயன்படுத்திய சோதனை, அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பவை விரல்நுனியில் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இந்தத் துறையில் தகுதிக் குறைவாகக் கருதப்படுவதில்லை. நோயாளியிடம் தெரிந்ததுபோல் பேசும் பழக்கம் ஆபத்தானது என்பதால், நேர்காணல் குழுவினர் அதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள்.

10. இடம் கிடைத்த பிறகு

இரண்டு இடங்கள் கிடைத்து, ஒன்றில் உடனே பணம் கட்டச் சொன்னால், அவசரத்தில் மேலே சொன்ன படிகளைத் தாண்டிவிடாதீர்கள். நான்காம் படியில் அங்கீகாரக் கடிதம் வராத இடத்தை முதலில் நீக்குங்கள். மீதி இருப்பவற்றில் மேற்பார்வை நன்றாக இருக்கும் இடத்தை எடுங்கள்; அதில் சமமாக இருந்தால் மொழியும் செலவும் முடிவு செய்யட்டும். பெயர் பெற்ற நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக ஓராண்டு வீட்டில் காத்திருப்பதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மேற்பார்வையே இல்லாத துறையில் சேர்வதைவிட, அந்த ஓராண்டை ஒரு மனநல மருத்துவமனையிலோ மறுவாழ்வு இல்லத்திலோ உதவியாளராகக் கழித்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பது மேல்.

சேரும் நாளில் அங்கீகாரக் கடிதத்தின் நகல், சேர்க்கை ஆணை, கட்டண ரசீது மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். முதல் நாளிலிருந்தே பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் சோதனைகளையும் பெயர் குறிப்பிடாமல் பதிவுக் குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். இரண்டாமாண்டு இறுதியில் நினைவிலிருந்து எழுதி நிரப்ப முயன்றவர்களின் குறிப்பேடுகள் செய்முறைத் தேர்வில் கேள்விக்குள்ளாகின்றன. இறுதித் தேர்வு முடிவும் தற்காலிகச் சான்றிதழும் கைக்கு வந்த வாரத்திலேயே பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் பயிலரங்குகளில் கலந்துகொண்ட சான்றுகள் தேவைப்படும் என்பதால், அவற்றையும் அதே கோப்பில் சேர்த்து வாருங்கள்.